என் மருமகளின் கூட்டல் குறி

எங்கள் வியாபாரிகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. "கீழேயிருந்து மேலே வந்த ஒருத்தரைப் பத்தி எழுதிக் குடுங்க" என்று செயலாளர் கடைக்கே வந்து கேட்டார். கேட்கும்போது அவர் கண் என் மேல்தான் இருந்தது. நியாயம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பழைய பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்த கை இது. இன்று மில் உதிரிபாகங்களுக்கு மூன்று மாடிக் கடை. இந்த வட்டாரத்தில் எந்த மில்லில் எந்தச் சக்கரம் நின்றாலும் முதலில் அடிப்பது என் போன்தான். ஆனால் என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு மலரில் இடம் இருக்காது. அதனால் என் மருமகளைப் பற்றி எழுதுகிறேன். என்னைப் பற்றி நடுநடுவே தானாக வந்துவிடும்.

அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவள் உட்கார மாட்டாள். வீட்டுக்கு வந்த புதிதில் என் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "என்னங்க, இந்தப் பொண்ணு கால்ல சக்கரம் கட்டிக்கிட்டா பொறந்துச்சு?"

"கட்டியிருந்தா நம்ம கடை பேரிங்காத்தான் இருக்கும். சத்தமே வரல பாரு" என்றேன்.

சமையலறைத் தொட்டியிலிருந்து பின்பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் வரை ஒரு நடை. அங்கே திரும்பி மறுபடியும் தொட்டி வரை. இடது முன்கையில் மடிக் கம்ப்யூட்டரைத் தட்டு மாதிரி திறந்து ஏந்திக்கொண்டு வலது கையால் தட்டிக்கொண்டே நடப்பாள். என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே காலை மடக்கி வழி விடுவாள். நானும் ஓர் இடத்தில் நிற்காதவன்தான், அதனால்தான் முன்னுக்கு வந்தேன். ஆனால் நான் ஓடியது சாமான் வாங்க, விற்க. இவள் நடப்பது ஒரு குறிக்காக.

குறி என்றால் விளக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு நாம் சொல்வதைப் புரியவைக்க மொழிகள் இருக்கின்றன. மற்றவர்கள் அந்த மொழியில் எழுதிப் பிழைக்கிறார்கள். என் மருமகள் வேலை செய்யும் இடத்தில் மொழியையே செய்கிறார்கள். என் சம்பந்தி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வருஷத்துக்கு ஓர் ஊர் என்று மாற்றலாகிக்கொண்டே இருந்தவர். அவர் பெண் ஒரு மொழியை உண்டாக்குகிற கூட்டத்தில் இருக்கிறாள் என்று சொன்னால் எங்கள் சந்தையில் யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம், நான் பார்த்தவன்.

அந்த மொழியில் டிக்ஷனரி என்று ஒன்று உண்டு. புத்தகம் அல்ல. ஒரு பெயர், அதற்கு நேரே ஒரு விவரம். என் கடைக்கு ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். பேரிங் எண்ணைத் தட்டினால் அது எந்த மாடியில் எந்த ராக்கில் இருக்கிறது என்று சொல்லும். இப்படி இரண்டு டிக்ஷனரி இருந்து அவற்றை ஒன்றாக்க வேண்டும் என்றால் நடுவில் என்ன குறி போடுவது? இதுதான் வழக்கு. அந்த மொழியில் அதற்குக் குறியே இல்லாமல் இருந்தது. "கூட்டல் போடலாம்" என்றாள் என் மருமகள். அவளோடு வேலை செய்கிற ஒருவர், நேராக நிற்கிற ஒற்றைக் கோட்டைப் போட வேண்டும் என்றார். அவருக்கு அங்கே குச்சி சார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"இதுக்கா ரெண்டு வருஷமா மல்லுக்கட்டு? அம்பு மாதிரி ஏதாவது போட்டுட்டுப் போங்களேன்" என்றான் என் மகன், அதாவது அவள் கணவன். கடையின் மேல்மாடி அவன் பொறுப்பு.

"அம்பு போட்டா 'சிறியது' குறியும் கழித்தலும் ஒட்டி நிக்கிற மாதிரி ஆயிடும். மெஷின் வேற கணக்குப் போட்டுடும். அதெல்லாம் யோசிச்சு ஓரங்கட்டியாச்சு."

"அப்ப குச்சியையே வெச்சுத் தொலைங்க."

"கூட்டல்தான்" என்று சொல்லிவிட்டுத் துவைக்கும் இயந்திரத்தைப் பார்க்க நடந்துவிட்டாள். ஏன் இந்தப் பிடிவாதம் என்று எங்களுக்குப் புரியவில்லை. அந்த மொழியில் அவள் பேரைச் சொல்ல இதுவரை எதுவும் இல்லை, இது ஒன்றாவது நிற்க வேண்டும் என்று நினைக்கிறாள் என்று என் மனைவி சொன்னாள். அதுவும் உண்மைதான். மொழியின் அடுத்த பதிப்புக்குக் கதவு சாத்தப் போகிறார்கள், வரப்போகிற கூட்டத்தில் முடிவாகவில்லை என்றால் இந்தப் பேச்சையே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் சங்கத்துக்கும் வந்தால் நல்லது, ஆனால் யாருக்கும் பொறுமை கிடையாது. ஒன்று வேண்டும் என்று கேட்கிறவர், அது வேண்டாம் என்பவரின் கட்சியை, அதாவது வாதத்தை, தானே எழுத வேண்டும். எதிராளி அதைப் படித்துவிட்டு, "என் பேச்சு முழுசா வந்துடுச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டு. என் மருமகள் குச்சி சாரின் கட்சியை எழுதி எழுதி அனுப்பினாள். அவர் திருப்பித் திருப்பி அனுப்பினார்.

"நீங்க எழுதினதுல நான் சொன்னது எல்லாம் இருக்கும்மா. ஆனா எதுவோ விட்டுப்போச்சு. என்னன்னு எனக்கே பிடிபடல" என்று அவர் போனில் சொல்வது கூடம் வரை கேட்டது.

"உங்களுக்கே பிடிபடாததை நான் எப்படி சார் எழுதறது?"

"அதான் எனக்கும் தூக்கம் வரல."

அந்த வாரம் அவள் நடந்த நடையில் சமையலறை வாசல் மிதியடியின் நடுப்பகுதி வழுக்கையாகிவிட்டது. என் மனைவி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே குடி வந்துவிட்டாள்.

விட்டுப்போனது எங்கே அகப்பட்டது தெரியுமா? என் கடையில்.

மூன்றாம் மாடியில் ராக்குகளை மாற்றியிருந்தோம். பழைய இடங்கள் ஒரு டிக்ஷனரி. இடம் மாறிய சாமான்களுக்கு மட்டும் புதிதாக ஒன்று. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மருமகள் தன் கூட்டல் குறியைப் பரிசோதனைக்காக எங்கள் கம்ப்யூட்டர்களில் ஏற்றியிருந்தாள். கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் இருப்பதில் அவளே எழுதினாள். மேல்மாடியில் இருப்பதில் என் மகன் எழுதினான்.

மறுநாள் காலையில் கடையில் ஒரே களேபரம். கீழே ஒரு ராக்கைச் சொல்கிறது, மேலே வேறு ராக்கைச் சொல்கிறது. ஆட்கள் படியில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள். ஆயில் சீல் இருக்க வேண்டிய இடத்தில் பெல்ட் தொங்குகிறது. மாவு மில் மெக்கானிக் கல்லாவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான்.

"என்ன முதலாளி, சாமானுக்கெல்லாம் கால் முளைச்சிருச்சா?"

"உனக்கு முதல்ல வாய் முளைச்சிருக்கு. இரு, பெல்ட் வருது" என்றேன். என் கடையில் ஒருவன் வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. ராக் எண்ணே இல்லாத காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாமான் எடுத்தவன் நான். நானே ஏறிப் போய் எடுத்து வந்தேன். மூச்சு வாங்கியது வேறு விஷயம்.

போன் போட்டதும் மருமகள் வந்தாள். கீழே பார்த்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்ப் பார்த்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இதென்ன, புதுசு கூட்டல் பழசுன்னு போட்டிருக்கீங்க? நான் பழசு கூட்டல் புதுசுன்னுல போட்டேன்."

"அதனாலென்ன? அஞ்சும் மூணும் எட்டு. மூணும் அஞ்சும் எட்டு" என்றான் என் மகன்.

"சரியாத்தானே சொல்றான்" என்றேன் நான்.

"மாமா, இதுல அப்படி இல்ல. ஒரே சாமான் ரெண்டுலயும் இருந்தா வலது பக்கம் இருக்கிறதுதான் நிக்கும். இடது பக்கம் அழிஞ்சு போயிடும். இவர் பழசை வலது பக்கம் போட்டுட்டார். அதனால மேல இருக்கிறது பழைய ராக்கையே சொல்லுது. இதையெல்லாம் விளக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். நீங்க படிக்கல."

"கூட்டல் குறிக்கு யாராவது விளக்கம் படிப்பாங்களா?" என்றான் அவன். குத்திப் பேசும் எண்ணம் அவனுக்கு இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாதிக் கவனத்தில் சொன்னது.

அவள் மேல்மாடியின் இரண்டு ராக்குகளுக்கு நடுவே நடந்தாள். கடைசி வரை போய், திரும்பி, பாதியில் நின்று, மறுபடி கடைசி வரை போனாள். பிறகு ஓர் அட்டைப்பெட்டி மேல் கம்ப்யூட்டரை வைத்து நின்றபடியே எதையோ எழுதி அனுப்பினாள். நான் கீழே இறங்குவதற்குள் அவள் போன் அடித்தது. குச்சி சார்.

"இதுதாம்மா! இதுதான் விட்டுப்போச்சு. என் பேச்சு முழுசா வந்துடுச்சு" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. சண்டைக்காரர் சந்தோஷப்பட்டால் நாம் எதையோ பறிகொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

கூட்டத்தன்று காலையில் கார் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க ஓட்டறீங்களா மாமா? எனக்கு ரோட்டுல கவனம் நிக்காது."

நான் ஓட்டாத வண்டி எது? சைக்கிளில் இரும்பு சுமந்து ஆரம்பித்தவன் நான். ஏறி உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள்.

"மாமா, நீங்க எதையாவது பாதியில விட்டிருக்கீங்களா?"

"பள்ளிக்கூடத்தைத் தவிர எதையும் விட்டதில்ல."

சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "எனக்குப் பள்ளிக்கூடம் மாறிக்கிட்டே இருக்கும் மாமா. ஒரு ஊர்ல பெருக்கலுக்குக் குறுக்குக்கோடு போடச் சொல்லுவாங்க. அடுத்த ஊர்ல புள்ளி வைக்கணும். குறுக்குக்கோடு போட்டா அது இங்கிலீஷ் எக்ஸ் எழுத்துன்னு சொல்லித் தப்புப் போட்டுடுவாங்க. வகுத்தலும் அப்படித்தான், ஊருக்கு ஒண்ணு. புது வகுப்புல போய் உக்காந்தா யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாது. கேட்டா சிரிப்பாங்க. கரும்பலகையில கூட்டல் குறி இருந்தா மட்டும் நிம்மதியா இருக்கும். எந்த ஊர்லயும் மாறாத ஒரே குறி அதுதான்."

"இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கியா?"

"இதைப் போய்ச் சொல்லுவாங்களா? அவங்க கேக்கறது காரணம். இது என் சொந்தக் கதை."

"சரி, இன்னிக்கு என்ன பண்ணப்போற?"

"தெரியல மாமா. அந்தச் சிக்னல்ல இடது பக்கம்."

அவர்கள் அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே பல்லைக் குடைகிற சத்தம் தரை வழியாக ஏறி வந்து காலில் கூசுகிறது. நீள மேசையைச் சுற்றிச் சிலர், சுவரில் திரையில் சிலர். வெளியாட்கள் உட்காரலாமாம், சுவரோரம் ஒரு பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள். அன்றுதான் குச்சி சாரை முதன்முதலாகப் பார்த்தேன். குள்ளமாக, உருண்டையாக, ஆயில் டின் மாதிரி இருந்தார். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. தலைமை தாங்கிய அம்மாவுக்கு என் வயசு இருக்கும்.

என் மருமகள் எழுந்தாள். உட்காரவே இல்லை என்பதுதான் சரி.

"நான் கூட்டலை வாபஸ் வாங்கறேன். குச்சியை வெக்கலாம். குச்சி போட்டாலும் வலது பக்கம்தான் நிக்கப்போகுது, அது மாறாது. ஆனா கூட்டலைப் பாத்தா எல்லாரும் தெரிஞ்ச குறிதானேன்னு நினைச்சுக்கறாங்க. முன்ன பின்ன மாத்திப் போடறாங்க. கூட்டினா ஒண்ணும் தொலையக் கூடாது. இதுல தொலையுது. குச்சியைப் பாத்தா யாரும் தெரிஞ்ச மாதிரி நடிக்க மாட்டாங்க."

திரையில் இருந்த ஒருவர் கேமராவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"அடப் பாவமே, இனிமே நான் யாரோட சண்டை போடறது?" என்றார் குச்சி சார். அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்தார். "ஒரு சிக்கல் இருக்கு. இப்ப நீங்க கேக்கறது குச்சி. அப்ப கூட்டலோட கட்சியை நீங்க வாசிக்கணும். கூட்டல் வேணுங்கிற ஒருத்தர் முழுசா வந்துடுச்சுன்னு சொல்லணும். யார் இருக்கீங்க?"

யாரும் இல்லை. அதுவரை கூட்டலுக்குக் கொடி பிடித்தவர்கள் எல்லாம், கடையில் நடந்ததை அவள் எழுதியனுப்பிய அன்றே அந்தப் பக்கம் தாவிவிட்டார்களாம்.

"ஒருத்தர் சும்மா சரின்னு சொல்லிடுங்களேன். இன்னிக்கு விட்டா கதவு சாத்திடுவாங்க" என்றார் திரையில் ஒருவர்.

"நம்பாதவங்க சொன்னா செல்லாது" என்றார் அந்த அம்மா.

என் மருமகள் மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். திரும்பும்போது அவள் கண் பெஞ்சில் விழுந்தது.

"எங்க மாமா கூட்டல் கட்சி."

எல்லாத் தலைகளும் திரும்பின. எனக்கு இதெல்லாம் புதிதல்ல, சங்கத்தில் எத்தனை மேடை பார்த்தவன். எழுந்து நின்றேன்.

"உங்க கடையில அவ்வளவு குழப்பம் ஆனதுக்கப்புறமும் கூட்டல்தான் நல்லதுன்னு நினைக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆனதுக்கப்புறமும்தான். ஆளுங்க நாலு தடவை படியேறினா உடம்புக்கு நல்லது."

சிரித்தார்கள். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கூட்டல்தான். இன்றைக்கும் கூட்டல்தான்.

மருமகள் வாசித்தாள். கூட்டல் எல்லோருக்கும் தெரிந்த குறி. ஒற்றை எழுத்து. வார்த்தைகளை ஒட்டவும் வரிசைகளைச் சேர்க்கவும் அந்த மொழியில் ஏற்கெனவே இருப்பது. விசைப்பலகையில் தேட வேண்டியதில்லை. குச்சியைத் தேட வேண்டும். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், இரண்டு வருஷம் அதற்காகவே வாதாடியவள் ஆயிற்றே.

"முழுசா வந்துடுச்சா மாமா?"

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. திரையில் இருந்தவர்கள் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டேன் என்றால் கதவு சாத்தப்படும். கூட்டலும் இல்லை, குச்சியும் இல்லை, இவள் நடந்த நடையெல்லாம் வீண். ஆனாலும் பாதிப் பெட்டியை முழுப் பெட்டி என்று ஒரு நாளும் நான் விற்றதில்லை.

"வரல" என்றேன்.

"மாமா!"

"கார்ல சொன்னதைச் சொல்லும்மா."

"அது காரணம் இல்ல மாமா."

"எனக்குக் காரணமே அதுதான். அதை விட்டுட்டு முழுசுன்னு சொன்னா நான் பொய் சொன்னவனாயிடுவேன்."

குச்சி சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்னம்மா அது? சொல்லுங்க."

அவள் நின்றாள். அவள் கால் அப்படி அசையாமல் நிற்பதை அன்றுதான் நான் பார்த்தேன். கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, தட்டிக்கொண்டே மெதுவாக வாசித்தாள்.

"ஊர் மாறி, பள்ளிக்கூடம் மாறி வர்ற ஒரு குழந்தை, யாரையும் கேக்காமலே புரிஞ்சுக்கிற குறி கூட்டல். இதை விட்டுட்டா, அந்தக் குழந்தை எழுந்து நின்னு ஒரு தடவை கேக்க வேண்டியிருக்கும். கேக்கறது சுலபம்னு நினைக்கிறவங்க, புது வகுப்புல உக்காந்ததில்ல."

குச்சி சார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நான் கூட்டலுக்கே வந்திருப்பேன்" என்றார்.

"வந்திருந்தா தப்பாயிருக்கும் சார்" என்றாள் அவள்.

"இப்ப முழுசா வந்துடுச்சு" என்றேன் நான்.

ஓட்டு எடுத்தார்கள். குச்சி. என்னை யாரும் ஓட்டுக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கூட்டலுக்குத்தான் போட்டிருப்பேன். ஆனால் அவர்கள் வெளியிட்ட காகிதத்தில் கூட்டலின் கட்சி அச்சாகியிருக்கிறது. அது முழுசு என்று ஒப்புக்கொண்டவன் ஐந்தாம் வகுப்பு படித்த நான். எங்கள் சந்தையில் வேறு யாருக்கு இப்படி ஒன்று உண்டு?

திரும்பும்போது காரில் கேட்டேன்: "இப்ப எப்படிம்மா இருக்கு?"

"பல்லைப் பிடுங்கின மாதிரி இருக்கு மாமா. நாக்கு அங்கேயே போகுது."

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "குறி கிடைச்சுதா?" கிடைத்தது என்று சொன்னேன். "அப்ப இனிமே உக்காருவாளா?" அதற்குள் சமையலறையில் நடை ஆரம்பித்துவிட்டது.

புதுப் பதிப்பு வந்து, எங்கள் கடைக் கம்ப்யூட்டர்களிலும் ஏறியது. அன்று இரண்டாம் மாடியில் பெல்ட்டுகளை இடம் மாற்றியிருந்தோம். மருமகள் கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து என் மகன் படிக்கட்டில் தலையை நீட்டினான்.

"இங்க பாரு, அந்தக் குச்சியைப் போடணும்ல, எது முன்னாடி வரணும்? பழசா, புதுசா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூட்டல் போட்டபோது அவன் கேட்காத கேள்வி இது. படி வரை போனவள் ஏறாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாவு மில் மெக்கானிக் சாட்சி.

"என்ன, தப்பாக் கேட்டுட்டேனா?" என்றான் மேலே இருந்தவன்.

"இல்ல. இன்னொரு தடவை கேளுங்க" என்றாள்.